சரளைப் பாதையும் மிதிவண்டியும்

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டி நாலு முழம்கூட நகராது. சக்கரம் புதைந்து நின்றுவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் அலை வந்து திரும்பும் ஈரமணலை எட்டிவிட்டால் அதே வண்டி தார்ச்சாலையில் போவதுபோல ஓடத் தொடங்கும். மணல் ஒன்றுதான்; அதில் சேர்ந்த நீர்தான் வேறுபாடு.

கடலூரில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வகைத் தரை ஒன்றும் அருகிலேயே உண்டு. நகருக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கேப்பர் மலை. மலை என்று பெயரே தவிர, அது செந்நிற மேட்டுநிலம்தான். அங்கே முந்திரித் தோப்புகளுக்கும் புதர்க்காடுகளுக்கும் இடையே செல்லும் பாதைகள் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. நம் பக்கத்தில் இதைக் 'கிராவல் ரோடு' என்றே சொல்கிறோம். மழை பெய்தால் வழுக்கும். வெயில் காய்ந்தால் உருண்டைக் கற்கள் சக்கரத்தின் அடியில் புரண்டுகொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு இயற்பியல் வகுப்பில் உராய்வு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அந்த மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், வெளிநாட்டுல கிராவல் ரோட்ல ஓட்டுறதுக்குன்னே தனியா ஒரு சைக்கிள் விக்கிறாங்களாம். விலை லட்சக்கணக்குல போவுதாம். எங்கப்பா பால் கேனைக் கட்டிக்கிட்டு தினமும் இந்த ரோட்லதான சார் போறாரு? அந்த சைக்கிள்ல அப்படி என்ன சார் இருக்கு?" வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோது, இந்தக் கேள்வி மிதிவண்டியின் இருநூறு ஆண்டு வரலாற்றையே தொட்டு நிற்கிறது என்பது விளங்கிற்று.

காட்டிலாகா அதிகாரியின் ஓடும் எந்திரம்

இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அதன்மேல் மனிதன் ஏறிச் செல்லலாம் என்று காட்டியவர் கார்ல் ஃபான் டிரைஸ். ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பாடனில் காட்டிலாகா அதிகாரியாகப் பதவி பெற்றிருந்தவர் அவர். காட்டுப் பாதைகளுக்குப் பழகிய ஒருவரிடமிருந்து மிதிவண்டியின் மூதாதை பிறந்தது பொருத்தமே. 1817 ஜூன் 12 அன்று அவர் மன்ஹைம் நகரிலிருந்து அருகிலிருந்த குதிரை மாற்றும் நிலையம் வரை தம் மரவண்டியில் சென்று திரும்பினார். போகவர ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அந்த வண்டிக்கு மிதிக்கட்டை கிடையாது. இருக்கையில் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உந்தி உந்தி ஓடவேண்டும்.

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துச் சாம்பல் வானை மூடியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று, பயிர் பொய்த்தது, தீவனமின்றிக் குதிரைகள் மடிந்தன, ஆகவேதான் குதிரையில்லாத வண்டியை டிரைஸ் நாடினார் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். கருத்து கவர்ச்சியானதுதான்; உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது.

நமக்கு முக்கியமானது பிறகு நடந்தது. அக்காலத்துச் சாலைகள் குதிரைவண்டிகளின் இரும்புப் பட்டைகளால் ஆழமாக உழப்பட்டுக் கிடந்தன. அந்தத் தடங்களுக்கு நடுவே இருசக்கர வண்டியைச் சமநிலையில் செலுத்துவது அரிது. ஆகவே ஓட்டியவர்கள் ஓரத்து நடைபாதையில் ஏறினார்கள். நடப்பவர்கள் முறையிட்டார்கள். மன்ஹைமிலேயே அந்த ஆண்டு முடிவதற்குள் தடை வந்துவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், ஏன், நம் கல்கத்தாவிலும்கூடத் தடை விதித்தார்கள். வண்டி சில ஆண்டுகளில் மறைந்தே போயிற்று. அதைத் தோற்கடித்தது வண்டியின் குறை அன்று, சாலையின் குறை.

சக்கரத்துக்காகச் சாலையா, சாலைக்காகச் சக்கரமா?

இந்தக் கேள்வியை அரசாங்கங்கள் வெகுகாலம் தலைகீழாகவே பார்த்து வந்தன. இங்கிலாந்தில் 1753இல் வந்த 'அகலச் சக்கரச் சட்டம்' கனரக வண்டிகளின் சக்கரப் பட்டை 9 அங்குல அகலம் இருக்கவேண்டும் என்றது. குறுகிய சக்கரம் சாலையைக் கிழிக்கிறது, ஆகவே சக்கரத்தை மாற்று என்பது அதன் வாதம். ஜான் லௌடன் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதை ஏற்கவில்லை. 1816இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் கண்காணிப்பாளரான அவர், எந்த வண்டி வந்தாலும் தாங்கும்படி சாலையை அமைப்பதே முறை என்றார்.

அவருடைய முறை எளிமையானது. அடியில் பெரும்பாறைகளை அடுக்கவேண்டாம். சுத்தமான, கூர்முனைகள் உள்ள உடைத்த கற்களைப் பரப்பினால் போதும். எந்தக் கல்லும் 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேல் இருக்கக்கூடாது. வண்டிகள் ஓட ஓடக் கற்களின் முனைகள் ஒன்றையொன்று கவ்விப் பிணைந்து இறுகிவிடும். உருண்டைக் கூழாங்கற்கள் இப்படிப் பிணையா. நெல்லிக்காய் மூட்டையைக் கொட்டி அதன்மேல் நடந்து பாருங்கள். உருண்டைக்கும் முனைக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

மக்காடம் வலியுறுத்திய இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சாலையின் சுமையை உண்மையில் தாங்குவது அடியிலுள்ள மண்தான், அந்த மண் உலர்ந்திருக்கும்வரை தாங்கும், நனைந்தால் விட்டுவிடும். ஆகவே சாலை சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்ந்து, நீர் வடியும்படி இருக்கவேண்டும், கற்பரப்பு அதன்மேல் ஒரு கூரை போல அமையவேண்டும் என்றார். கேப்பர் மலைப் பாதைகளை ஐப்பசி மழைக்குப் பிறகு பார்ப்பவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

நம் நாட்டில் இந்த முறை கப்பி ரோடாக வந்தது. கருங்கல் கிடைக்கும் இடங்களில் ஜல்லி உடைத்துப் பரப்பினார்கள். கிடைக்காத இடங்களில் கைக்குக் கிட்டிய சரளையே பயன்பட்டது. நம் மேட்டுநிலத்துச் சரளைக்கும் ஒரு வரலாறு உண்டு. இப்பகுதியின் பாறையைப் புவியியலார் 'கடலூர் மணற்பாறை' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் நம் ஊர்ப் பெயரையே அதற்குச் சூட்டினர். திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பது இந்த அடுக்கில்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டுவதற்கு முன் அகற்றப்படுவதும் இதே மணற்பாறைதான். வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கியதில் இதன் மேற்புறம் இரும்பு ஆக்சைடு மிகுந்து சிவந்து, இறுகி, இடையிடையே வெள்ளைக் கூழாங்கற்களைப் பொதித்துக்கொண்டிருக்கிறது. இப்படி இரும்பேறி இறுகும் மண்ணைக் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் கண்ட ஃபிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். லத்தீனில் செங்கல் என்று பொருள். நாம் செம்பூராங்கல் என்கிறோம்.

பெரிய சக்கரத்தின் கணக்கு

1860களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தில் மிதிக்கட்டைகளைப் பொருத்தினார்கள். மரச்சக்கரம், இரும்புப் பட்டை, கல் பாவிய தெரு: ஓட்டியவர் கதியை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் இதற்கு 'எலும்பாட்டி' என்று பொருள்படும் பெயரையே வைத்தனர்.

1870களில் முன்சக்கரம் வளர்ந்தது. ஆள் உயரத்துக்குச் சிறிது குறைந்த, 130 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் உச்சியில் ஓட்டுநர் அமர்ந்தார். சங்கிலி இல்லாத காலத்தில் ஒரு மிதிக்கு அதிக தூரம் போவதற்காக இப்படிச் செய்தார்கள் என்று பாடநூல்கள் கூறும். அது சரியே. ஆனால் கற்சாலையில் இன்னொரு நன்மையும் கிட்டியது. அதைக் கணக்கிட்டுக் காட்டலாம்.

2 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல் பாதையில் பதிந்து நிற்கிறது என்போம். அதில் முட்டி நின்ற சக்கரத்தை ஏற்றுவதற்கு அச்சில் கிடைத்திசையில் எவ்வளவு விசை வேண்டும்? நெம்புகோல் தத்துவத்தின்படி, 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு அதன்மேலுள்ள எடையில் 35 விழுக்காடு வேண்டும். 130 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு 25 விழுக்காடு போதும். நம் முன்னோர் கட்டைவண்டிக்கு நாலரை, ஐந்தடி விட்டத்தில் சக்கரம் வைத்தது அழகுக்காக அன்று. வரப்பையும் வண்டித்தடத்தையும் மாடு தாண்ட வேண்டுமே!

உயரத்திலிருந்து தலைகுப்புற விழும் ஆபத்துதான் அந்த வண்டியை ஒழித்தது. 1885இல் கவன்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய சமமான இரு சிறு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் வடிவம் அதுவே. ஆபத்து குறைந்தது, ஆனால் சக்கரம் சிறுத்ததால் குலுக்கல் கூடிவிட்டது. கெட்டி ரப்பர் டயரால் அதைத் தணிக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் வருகிறார். ஜான் பாய்ட் டன்லப்பின் சிறு மகன் கல் பாவிய தெருவில் முச்சக்கர வண்டி ஓட்டிச் சலித்துப்போனான். 1887இல் டன்லப் ஒரு மரத்தட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர்க் குழாயைப் பொருத்திக் காற்றடைத்தார். பிறகு செய்த சோதனை எந்தப் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடியது. கெட்டி ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும் காற்றடைத்ததையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். முதலாவது பாதி வழியில் சாய்ந்தது. காற்றடைத்தது முற்றத்தின் கோடிவரை ஓடி, கதவில் மோதித் திரும்பியது. 1888இல் காப்புரிமை பெற்றார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்று, அது மறக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தாம்சன் காலத்தில் அதை வேண்டி நின்ற மிதிவண்டி இல்லை. அவ்வளவுதான்.

டன்லப் தேடியது சொகுசை. கிடைத்ததோ வேகம். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயத்தில் வில்லியம் ஹியூம் என்பவர் காற்று டயருடன் வந்தபோது கூட்டம் சிரித்ததாம். பந்தயங்களை அவர் வென்ற பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

குலுங்கினால் எங்கே போகிறது ஆற்றல்?

மெத்தென்ற டயர் எப்படி வேகமாக ஓடும்? என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. விடையை எண்களால் பார்ப்போம்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொள்வோம். எடை ஏறத்தாழ 880 நியூட்டன். நல்ல தார்ச்சாலையில் உருளுவதற்கான தடை இதில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4.4 நியூட்டன். இறுகிய சரளையில் அது மூன்று மடங்காகி 13 நியூட்டன் ஆகலாம். உலர்ந்த மணலிலோ நூறு நியூட்டனைத் தாண்டிவிடும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் இதை வெல்லத் தேவையான திறன் தாரில் 15 வாட், சரளையில் 44 வாட், மணலில் 300 வாட்டுக்கு மேல். பழகிய உடல் மணிக்கணக்கில் தரக்கூடியது 75 முதல் 100 வாட்தான். கடற்கரையில் இறங்கித் தள்ளுவதன் காரணம் இதுவே.

ஈரமணல் ஏன் தாங்குகிறது? மணிகளுக்கிடையே நீர் மெல்லிய பாலங்களாக நின்று, தன் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. நீர் நிறைந்த மணலில் கால் வைக்கும்போது காலைச் சுற்றிலும் ஒரு கணம் உலர்ந்து வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். நெருங்கி அடுங்கிய மணிகள் அழுத்தும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகுவதால் இடைவெளி பெருகி நீரை உள்ளே இழுக்கிறது என்று ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் விளக்கியது 1885இல். ரோவர் வண்டி வந்த அதே ஆண்டு!

சரளைக்கு வருவோம். கெட்டியான சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்குகிறது. மீட்டருக்குப் பத்துக் கற்கள், ஒவ்வொன்றிலும் 1 மில்லிமீட்டர் உயர்வு என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். 90 கிலோகிராமை 1 மில்லிமீட்டர் உயர்த்த 0.88 ஜூல், மீட்டருக்கு 8.8 ஜூல். இறங்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மற்றது ஓட்டுபவரின் தசையும் தோலும் குலுங்கி வெப்பமாகிறது. பாதி வீணானால்கூட 4.4 நியூட்டன் தடை கூடியதாகப் பொருள். தார்ச்சாலையின் மொத்தத் தடைக்கு இது சமம். காற்று டயர் அந்தக் கல்லின்மேல் உடலைத் தூக்குவதில்லை. கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, காற்றைச் சிறிது அழுத்தி, உடனே அந்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். காற்றைக் கல்போல் அடைத்தால் டயர் மீண்டும் கெட்டி ரப்பர்தான். இதைப் பாடமாக நடத்திய நான் என் வண்டியில் மறந்தேன். மெல்லிய டயர் உள்ள ஒரு வண்டியை வாங்கி, 'எவ்வளவு காற்றோ அவ்வளவு வேகம்' என்ற நம்பிக்கையில் இறுக அடைத்துக்கொண்டு கேப்பர் மலை இறக்கத்தில் இறங்கினேன். முன்சக்கரம் ஒரு கல்லில் துள்ளிற்று, நான் வேறு பக்கம் துள்ளினேன். முழங்கால் சிராய்ப்போடு பக்கத்துச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"காத்து ரொம்ப ஏத்தி வச்சிருக்கீங்க சார். இது கீழ டவுனுக்கு சரி. மேட்டுக்கு வர்றதுன்னா கொஞ்சம் கம்மி பண்ணிக்கணும்."

"கம்மி பண்ணா மிதிக்க கஷ்டமா இருக்காதாண்ணே?"

"தார் ரோட்ல இருக்கும். இங்க அப்படி வச்சாதான் ஏறும். எல்லாருக்கும் அப்படித்தான் வச்சுத் தர்றேன்."

அவர் சொன்னதைக் கணக்கு ஒப்புகிறது. பின்சக்கரத்தின்மேல் 54 கிலோகிராம் சுமை இருந்து, டயருள் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோகிராம் அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 3 ஆகக் குறைத்தால் பரப்பு 18. அகலப் பரப்பு கற்களுக்கிடையே புதையாது, பிடியும் கிடைக்கும். ஆனால் மெல்லிய டயரில் இப்படிக் குறைத்தால் கல் பட்டு ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும். அழுத்தம் குறையவேண்டுமானால் டயர் அகலமாக இருந்தாகவேண்டும்.

பந்தய உலகம் இதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. பிரான்சில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிவந்த பால் டி விவி, மலைப்பாதைகளுக்கு அகன்ற, நெகிழ்வான டயரே ஏற்றது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதிட்டார். பந்தயக்காரர்கள் செவிமடுக்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் 23 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி நின்றார்கள். அண்மை ஆண்டுகளின் அளவீடுகளுக்குப் பிறகே டயர்கள் மறுபடியும் அகன்று வருகின்றன.

கேட்டு வாங்கிய சாலை

இனி வரலாற்றின் வேடிக்கையான பகுதி. மிதிவண்டிக்காரர்கள்தான் நல்ல சாலைக்காக முதலில் கொடி பிடித்தவர்கள். மோட்டார் கார் தெருவுக்கு வருமுன்பே, 1886இல், பிரிட்டனின் மிதிவண்டிச் சங்கங்கள் சேர்ந்து சாலை மேம்பாட்டுக் கழகம் அமைத்தன. அமெரிக்காவில் 1880இல் தோன்றிய மிதிவண்டியாளர் கழகம் 1892இல் 'நல்ல சாலைகள்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையையே நடத்தத் தொடங்கியது. புழுதியும் கல்லும் இல்லாத சாலை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

கோரிக்கை நிறைவேறியது, ஆனால் வேறொருவருக்காக. கார்களின் வேகமான ரப்பர்ச் சக்கரங்கள் மக்காடச் சாலையின் நுண்தூளை உறிஞ்சி எடுத்துப் புழுதியாக்கின, கற்கள் பிணைப்பிழந்தன. அதைக் கட்டத் தார் வந்தது. 1902இல் எட்கர் ஹூலி தார் கலந்த கல்லுக்குக் காப்புரிமை பெற்றார். சாலை வழவழப்பானது, கார்கள் பெருகின, மிதிவண்டி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. நம் நெடுஞ்சாலைகளில் பேருந்து ஒலியெழுப்பும்போது மிதிவண்டிக்காரர் எங்கே இறங்குகிறார்? தாரின் விளிம்பை விட்டு, ஓரத்துச் சரளையில்! அந்த விளிம்பின் உயரம் சில இடங்களில் ஒரு சாண் இருக்கும். அதில் சறுக்கி விழுந்தவர்களை எங்கள் கல்லூரி மாணவர்களிலேயே கண்டிருக்கிறேன்.

மேலைநாட்டார் இப்போது தாமாகவே சரளையைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளிகளில் 2006இல் தொடங்கிய இருநூறு மைல் சரளைப் பந்தயம் பெரிய விழாவாக வளர்ந்தது. 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சரளைப் போட்டி நடந்தது. நெதர்லாந்தின் ஹோகே வெலுவே தேசியப் பூங்காவில் 1970களின் நடுவிலிருந்து பார்வையாளர்களுக்கு வெள்ளை மிதிவண்டிகளை இலவசமாகத் தருகிறார்கள். காடு, குறும்புதர் படர்ந்த வெளி, பறக்கும் மணல்மேடு ஆகியவற்றினூடே பாதைகள் செல்கின்றன. நம் நாட்டில் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவிலும் மிதிவண்டியில் செல்லலாம். இயந்திர ஓசை இல்லாததால் நாரை பறக்காமல் நிற்கிறது.

சரி, அந்த விலையுயர்ந்த வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? எடை குறைந்த சட்டம், பல பற்சக்கரங்கள், மழையிலும் பிடிக்கும் தட்டு பிரேக். இவை உண்மையான முன்னேற்றங்கள். பால்காரர் வண்டியின் கம்பி பிரேக் ஈரத்தில் வழுக்குவதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சரளையில் ஓடும் திறனுக்கு அடிப்படையான டயரின் அகலம்? அந்த வண்டிகளில் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர். நம் ஊர் டபுள் பார் சைக்கிளின் டயரில் '28 × 1½' என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் ஆங்கிலேய மாதிரியை ஒட்டித் தயாரித்த இந்த வண்டி, கிராமத்துக் கப்பி ரோட்டைவிட்டு என்றும் அகலாததால் தன் அகலத்தையும் இழக்கவில்லை. அந்த மாணவரிடம் இதைச் சொன்னபோது, வீட்டில் போய் அளந்து பார்த்துவிட்டு மறுநாள் வந்து, "சார், முப்பத்தெட்டேதான்" என்றார்.

செம்மண் மேட்டில் ஒரு காடு

நம் கடலூர் மணற்பாறை வடக்கே புதுச்சேரியைத் தாண்டியும் தொடர்கிறது. அங்கே அறுபது ஆண்டுகளுக்குமுன் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை ஊர்களைச் சுற்றியிருந்த மேட்டுநிலம் பெரும்பாலும் மரமற்ற வெட்டவெளி. மழைநீர் மேல்மண்ணை அரித்து ஆழமான ஓடைகளை வெட்டியிருந்தது. பெருமழைக்குப் பின் கடலோரம் சிவந்துவிடும். 1968 பிப்ரவரி 28 அன்று அங்கே ஆரோவில் தொடங்கியது. வந்து குடியேறியவர்கள் முதலில் செய்யவேண்டியிருந்தது நீரை நிறுத்துவதுதான். அயலூர்த் தமிழ்த் தொழிலாளர்களோடு சேர்ந்து வயல்களைச் சுற்றிக் கரை எடுத்தார்கள், ஓடைகளைத் தடுத்தார்கள், இலட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். முதலில் வறட்சி தாங்கும் கத்திச்சவுக்கு போன்ற வேற்றுநாட்டு மரங்கள்; அவற்றின் நிழலில் பிறகு இம்மண்ணுக்குரிய வீரை, பாலை, காயா முதலியவை. இந்த உள்நாட்டு இனங்களுக்கு விதை எங்கே கிடைத்தது? கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப்போல ஊரார் கோடரி வைக்காமல் காத்துவந்த சாமிக்காடுகள்தாம் இப்பகுதிக் கடலோரத்தின் பழங்காட்டுக்கு எஞ்சிய மாதிரிகள்.

இன்று அந்தக் காட்டினூடே செம்மண் சரளையில் மிதிவண்டிப் பாதைகள் செல்கின்றன. நான் சென்றபோது கார்த்திகை மாதம்; முதல்நாள் பெய்த மழை கரைகளுக்குள் தேங்கிச் செம்பு நிறத்தில் நின்றது. ஒன்று கவனித்தேன். சரிவில் நேராக இறங்கும் பாதை எதுவோ அதில்தான் அரிப்பு. சக்கரத்தின் தடம் ஒரு விரல் ஆழமே இருக்கும். மழைநீர் அதையே வாய்க்காலாகக் கொண்டு விரைகிறது. விரையும் நீர் ஆழப்படுத்துகிறது. ஆழம் மேலும் நீரை ஈர்க்கிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது கற்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சில மழைக்காலங்கள் கவனியாமல் விட்டால் தடம் ஓடையாகும். நல்ல பாதைகள் சரிவுக்குக் குறுக்கே வளைந்து செல்கின்றன; சில இடங்களில் பாதையின் குறுக்கே முழங்கை அகலத்துக்கு மேடு கட்டி நீரைப் பக்கத்துக் குழிக்குத் திருப்பியிருக்கிறார்கள். மிதிவண்டிக்கு அது ஒரு சிறு குலுக்கல். மக்காடம் வந்து பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

ஹோகே வெலுவேயின் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. அங்குள்ள குறும்புதர் வெளி நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்தும் புல்தரையைப் பெயர்த்தெடுத்தும் மனிதன் உண்டாக்கியது. எல்லை மீறியபோது மணல் பறக்கத் தொடங்கியது. அதைத் தடுக்கப் பைன் மரங்கள் நட்டார்கள்.

சரளைப் பாதை யாருக்குப் பயன்படும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த பெரிய சோதனை ஒன்றையும் சொல்லவேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத்தரத் தீர்மானித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்குவாரிகளில் வேலை செய்த பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேர் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது டபுள் பார் வண்டியையே எடுத்தார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. குடிநீர் எடுக்கவும் வேலைக்குச் செல்லவும் பேருந்துக்கோ ஓர் ஆணுக்கோ காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. அவர்கள் ஓட்டிய பாதைகளில் பல, தார் காணாத ஊர்ப்பாதைகள். பிறகு 2001-02இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் பள்ளிப் பெண்களிடமிருந்து ஆரம்பித்து விரிந்தது.

கேப்பர் மலைப் பக்கமிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவிகள் சிலர் அப்படிப் பெற்ற வண்டியையே இன்னும் ஓட்டுகிறார்கள். மேட்டில் காற்றைக் குறைத்து இறங்கி, கீழே தார் வந்ததும் கடையில் மறுபடி அடித்துக்கொண்டு வருகிறவர்களும் அவர்களில் உண்டு. மாலையில் திரும்பும்போது ட்யூப் வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு மேடேறுகிறார்கள். எவ்வளவு விடவேண்டும் என்று ஒருத்தியிடம் கேட்டேன். கட்டைவிரலால் டயரை அழுத்திக் காட்டினாள்.